நல்ல தண்ணி என்று மூவர் சொன்னார்கள்

வேதாரண்யத்துக்காரனுக்கு உப்பைப் பற்றி வெளியூர்க்காரன் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் ஊர்த் திமிர். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண். மொட்டை மாடியில் ஏறினால் உப்பளம் தெரியும். என் திமிருக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் இறக்கியதும் முதல் கரண்டி என் கைக்குத்தான் வரும். சமையற்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் தலையாட்டினால்தான் பந்தி. அந்த நாக்கை நம்பித்தான் தேளிக் குஞ்சு வளர்க்க இறங்கினேன்.

2018 நவம்பரில் வந்த கஜா புயல் எங்கள் மாந்தோப்பைப் படுக்கப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பணி ஓய்வு பெற்றபின் அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்கக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு சிமென்ட் தொட்டி கட்டினேன். தேளிதான் என்று முடிவு செய்ததற்கு என்னிடம் பெரிய ஆய்வெல்லாம் இல்லை. காற்றை நேரே சுவாசிக்கும் மீன், குறைந்த தண்ணீரில் இருக்கும், உயிரோடு விற்றால் நல்ல விலை. "இது தடை பண்ணின மீன்தானே?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். தடை இருப்பது ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு. அதன் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடும். நம்மூர்த் தேளிக்கு முதுகில் பெயருக்கு ஒரு துண்டுத் துடுப்பு. இதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி நான் மீன் நிபுணன் ஆகிவிட்டதாக எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த எண்ணம்தான் வித்து.

எங்கள் பக்கம் மணல்மேடு. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். நெதர்லாந்துக்காரர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே போட்ட கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. மறுபுறம், மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். தை மாதத்தில் இளநீராக இருக்கும் போர் தண்ணீர் ஆவணியில் வேறு தண்ணீர். நான் தண்ணீரைச் சோதித்தது தையில். குஞ்சு விட்டது ஆவணியில்.

சோதித்தது என்றேனே, அதையும் சொல்கிறேன். முதலில் என் நாக்கு: பாஸ். அடுத்து அளத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த பெரியவர் ஒருவர். அளத்தில் தண்ணீரின் உப்பை டிகிரியில் சொல்வார்கள். கடல்நீர் சுமார் 3, உப்புப் பூக்கும்போது 25. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அவர் கண்ணாடிக் குழலை என் வாளியில் மிதக்க விட்டார். "ஜீரோ டிகிரி தம்பி. கங்கைத் தண்ணி!" என்றார்.

மூன்றாவது, இறால் பண்ணையில் வேலை பார்க்கும் பையன். அவன் கொண்டுவந்தது கையடக்கக் குழாய். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் பிரிகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு, பி.பி.டி. கணக்கில். அதாவது ஆயிரத்தில் எத்தனை பங்கு. 0 முதல் 100 வரை கோடு கிழித்த கருவியில் ஒன்றும் இரண்டும் மயிரிழை. காய்ச்சி வடித்த நீரில் முதலில் பூஜ்யத்துக்குத் திருகி வைக்க வேண்டும். அவன் திருகவில்லை, நான் கேட்கவும் இல்லை. "ஒண்ணோ ரெண்டோ காட்டுது அண்ணே. ஜீரோன்னே வச்சுக்குங்க. எங்க இறாலுக்கு இது பச்சைத் தண்ணி." அவன் சொன்னதில் பொய் இல்லை. வனாமி இறாலை 5 பி.பி.டி.யில்கூட வளர்க்கிறார்கள்.

ஆக மூவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அளத்துக்காரருக்கு 25 வந்தால்தான் உப்பு. இறால்காரனுக்கு 10, 15. எனக்குச் சாம்பார். தேளிக் குஞ்சுக்கு எது உப்பு என்று கேட்க அந்த அவையில் ஆள் இல்லை.

நன்னீர் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலை ஒட்டியது. லிட்டருக்கு 9 கிராம் அல்லது சற்றுக் குறைவு. வெளியே இருக்கும் தண்ணீரில் அதைவிட மிகக் குறைவு. ஆகவே செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீன் ஓயாமல் நீர்த்த சிறுநீரைக் கழிக்கும். அதோடு போகும் உப்பைச் செவுளில் உள்ள தனி உயிரணுக்கள் தண்ணீரிலிருந்து பொறுக்கி உள்ளே இழுக்கும். வெளியே உப்பு கொஞ்சம் கூடினால் இந்த வேலை குறையும், மீனுக்கு லாபம்தான். 9ஐத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். இப்போது உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும், உப்பு உள்ளே ஏறும். கடல் மீனுக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். தேளியின் உடம்புக்கு அந்தத் தொழில் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் தொட்டி கட்டினேன். நம்புங்கள். ஆனால் சிறு வயதில் முகத்துவாரத்து வாய்க்காலில், கடல்நீர் ஏறும் பருவத்திலும், வளர்ந்த தேளி பிடித்த நினைவு என் படிப்பைவிடப் பெரிதாக நின்றது. பெரியது தாங்குகிறதே, சின்னது தாங்காதா என்று நினைத்தேன். சின்னது தாங்காது. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுக்குச் செவுள் முழுதாக வளர்ந்திருக்காது. உப்பைச் சமாளிக்கும் உயிரணுக்கள் மஞ்சள் கருப்பையின் மேலும் தோலிலும் பரவிக் கிடக்கும். எடைக்குப் பார்த்தால் உடம்பின் பரப்பு மிக அதிகம், போதாததற்குச் செதிலும் இல்லாத இனம். தண்ணீரில் ஏற்படும் எந்த மாற்றமும் நேரே உள்ளே இறங்கிவிடும். காற்றைச் சுவாசிக்கும் புகழ்பெற்ற உறுப்புகூடப் பிறவியிலேயே வருவதில்லை, பின்னால்தான் வளர்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளில் 5 பி.பி.டி.க்குள் ஓரளவு சமாளிக்கின்றன, 10 என்றால் தாங்குவதில்லை என்று கண்டிருக்கிறார்கள்.

ஆவணியில் ஆக்சிஜன் பாக்கெட்டில் குஞ்சு வந்தது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், மீசை மட்டும் தெளிவாகத் தெரியும் கறுப்புக் கீற்றுகள். பாக்கெட்டைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, முறைப்படி விட்டேன். நான் முறைப்படி செய்த காரியம் அதோடு முடிந்தது.

ஆவணி வெயிலில் தொட்டித் தண்ணீர் குறையும், நான் போர் தண்ணீரால் நிரப்புவேன். மறுபடி குறையும், மறுபடி நிரப்புவேன். வெயில் எடுத்துக்கொண்டு போவது தண்ணீரை மட்டுந்தான், உப்பை எனக்கே விட்டுவிட்டுப் போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் அசலும் வட்டியும் எழுதியே தலை நரைத்தவனுக்கு இந்தக் கூட்டுவட்டி கண்ணில் படவில்லை.

அடுத்து ஆர்டீமியா. குஞ்சுகளுக்கு உயிர்த் தீனி. டப்பாவில் தூளாக வரும் முட்டையைக் கடல்நீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறப் பூச்சிகளாகப் பொரிந்து துள்ளும். அவற்றை வலைத்துணியில் வடித்து, நன்னீரில் அலசித்தான் தொட்டியில் விட வேண்டும். நான் குடுவையோடு கவிழ்த்தேன். அலசினால் சத்துப் போய்விடும் என்று ஒரு நினைப்பு, அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று அம்மா சொன்னதன் மிச்சம். காலை ஒரு லிட்டர், மாலை ஒரு லிட்டர் கடல்நீர். நாளுக்கு 60 கிராம் உப்பு. 400 லிட்டர் தண்ணீரில் வாரம் ஒன்றானால் அதுவே 1 பி.பி.டி.

அப்போதுதான் சில குஞ்சுகள் உடம்பைத் தரையில் உரசுவதைப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி நோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னிடம் இருந்த கையேட்டில் உப்பு மருந்து போடச் சொல்லி 3 என்று எழுதிச் சதவீதக் குறி இட்டிருந்தது. 1000 லிட்டர் தொட்டிக்கு 30 கிலோ. கணக்குச் சரி. மளிகைக் கடைக்குச் சொல்லி அனுப்பும்போது வீட்டுக்காரி காதில் விழுந்துவிட்டது.

"ஏங்க, முப்பது கிலோ உப்பா? வளர்க்கப் போறீங்களா, கருவாடு போடப் போறீங்களா?"

கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். சதவீதக் குறியின் அடியில் ஒரு சுழி கூடுதலாக இருந்தது. அச்சுப் பிசிறு என்று நான் நினைத்தது ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதற்கான குறி. 30 அல்ல, 3 கிலோ. பெரிய விபத்தைத் தவிர்த்துவிட்ட பெருமிதத்தோடு 3 கிலோ கல்லுப்பை நிறுத்து வாங்கினேன். அந்தப் பெருமிதத்தில் மறந்தது ஒன்று. 1000 லிட்டர் என்பது கொத்தனார் சொன்ன கொள்ளளவு. குஞ்சுகளுக்காக நான் நிரப்பியிருந்தது ஒன்றரைச் சாண், 400 லிட்டர். 3 கிலோவை 400 லிட்டரில் போட்டால் ஏழரை. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அதையாவது வாளியில் கரைத்து ஊற்றியிருக்கலாம். குழம்பில் போடுகிற லாகவத்தோடு தொட்டியின் ஒரு மூலையில் கொட்டினேன், நிழல் விழும் மூலை. தேளிக் குஞ்சுகள் பகலெல்லாம் வெளிச்சத்துக்குப் பயந்து அப்பிக் கிடப்பது அதே மூலையில்தான். கல்லுப்பு உடனே கரையாது. கரைகிற உப்புநீர் கனமானது, மேலே வராமல் தரையோடு படரும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தரைக்குமேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நெளிந்து நெளிந்து கண்ணாடி போல மின்னியது. மருந்து வேலை செய்கிறது என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

விடியற்காலையில் அந்த மூலை வெளுத்திருந்தது. கறுப்பாக அப்பிக் கிடந்தவை அப்படியே, அதே இடத்தில், மேலே ஒரு சளிப் படலத்தோடு. எதிர்ப்புறம் குழாய் ஒழுகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உயிரோடு மிதந்தன. பழுதுபார்க்காமல் விட்ட அந்தக் குழாய்தான் அன்றைக்கு உருப்படியாக வேலை செய்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு நினைக்க நான் அவகாசம் தரவில்லை.

தெருவில் கேட்டவர்களிடம் "கொக்கு" என்றேன். தொட்டிமேல் வலை கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே அவர்களும் தலையாட்டினார்கள்.

உண்மையான எண் தெரிந்தது குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்தைச் சர்வீஸ் செய்ய வந்த பையனால். பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருந்தான், சில நூறு ரூபாய் பெறும். அதைப் போர் தண்ணீரில் விட்டான். 2,300. "ஐயோ சார், குடிக்கிற தண்ணிக்கு 500தான். வேற வழியே இல்லேன்னா 2,000 வரைக்கும் விடுவாங்க. இது அதுக்கும் மேல" என்றான். அதே பேனாவைத் தொட்டியில் விட்டால் எண் வராமல் கண்ணைச் சிமிட்டியது. அது அளப்பது 9,990 வரைதான். அதற்குமேல் எவ்வளவு என்று பி.பி.டி. கணக்கில் நானே கூட்டிப் பார்த்தேன். போர் தண்ணீர் 2.3, ஆர்டீமியா 1, ஆவியானதற்குக் கொஞ்சம், மருந்து ஏழரை. 11 பக்கம் வந்தது. சலைன் பாட்டிலைத் தாண்டியிருந்தேன்.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் என்ன செய்வான்? போர் தண்ணீரின் 2.3 குஞ்சுகளைக் கொல்லவில்லை, மேலே நான் சேர்த்ததுதான் கொன்றது என்று பிரித்துப் பார்ப்பான். நான் பிரிக்கவில்லை. ஆர்.ஓ. பையன் போட்ட "ஐயோ" என் நெஞ்சில் நின்றுவிட்டது. உப்பே ஆகாது என்று முடிவு கட்டினேன். அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கு 20 லிட்டர் குடிநீர் கேன்களாக, 400 லிட்டருக்கு 20 கேன், வேனில் வந்து இறங்கியது. "வீட்ல என்ன விசேஷம்?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

கேன் தண்ணீரின் டி.டி.எஸ். 40. குஞ்சு வந்த பாக்கெட்டில் 600 இருந்தது. தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பானேன் என்று நேரே விட்டேன். உப்பு கூடுவது மட்டுந்தான் அதிர்ச்சி என்று யார் சொன்னது? வெளியே உப்பும் சுண்ணாம்புச் சத்தும் ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் குஞ்சின் உடம்பு உப்பு வெளியே கசியும், உள்ளே இழுக்க வெளியே எதுவும் இராது. அன்றே கொஞ்சம் போயிற்று. மிச்சத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, அவித்த முட்டை மஞ்சள் கருவும் தீனியுமாக அள்ளிப் போட்டேன்.

தின்றது போக மிஞ்சியது தொட்டியில் அழுகும். அதிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து நைட்ரைட். புதுத் தண்ணீரில் நைட்ரைட்டை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் நுண்ணுயிர்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஏரேட்டரைக் கூட்டினேன், பலன் இல்லை. ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்துச் செவுள் மூடியை ஊசிமுனையால் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சாக்லேட் நிறத்தில் இருந்தது.

இது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கெளுத்திப் பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. பழுப்பு ரத்த நோய் என்பார்கள். செவுளில் குளோரைடை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. நுழைந்து ரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றிவிடும், மாறியது ஆக்சிஜனைச் சுமக்காது. தண்ணீரில் காற்று எவ்வளவு இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். மருந்து என்ன தெரியுமா? உப்பு. தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் வாசலில் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நைட்ரைட் 1 பங்கு என்றால் குளோரைடு 10 பங்கு என்பது அங்கே நடைமுறை. அதற்காகக் குளங்களில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு எப்போதும் இருக்கும்படி உப்புப் போட்டு வைக்கிறார்கள்.

என் போர் தண்ணீரில் குளோரைடு அதைப்போலப் பல மடங்கு இருந்தது. முதல் தொகுதிக்கும் நான் தீனியைக் குறைவாகப் போட்டவன் அல்ல. நைட்ரைட் அப்போதும் வந்திருக்கத்தான் வேண்டும். என்னிடமிருந்து குஞ்சுகளை இத்தனை நாளும் காத்து வந்தது எங்கள் ஊர் உப்புத் தண்ணீர். அதைத்தான் கேன் கேனாகக் காசு கொடுத்து விரட்டியிருந்தேன்.

சாப்பாட்டு உப்பில் குளோரைடு 60 சதவீதம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு வேண்டுமானால் உப்பு 165 மில்லிகிராம். 400 லிட்டருக்கு 66 கிராம். எண் சிறிதாக வந்ததும் எனக்குச் சந்தேகம். பெருக்கலை வீட்டுக்காரியிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். அவள் பெருக்கவே இல்லை. "ஒரு கைப்பிடி" என்று சொல்லி, சமையலறை உப்பு ஜாடியில் கைவிட்டு எடுத்துத் தராசில் போட்டாள். 70 கிராம். வாளியில் கரைத்து, தொட்டி முழுக்கத் தெளித்தேன். இரண்டாம் நாள் குஞ்சுகள் அடியில் இறங்கி மூலை தேடின.

இப்போது தொட்டியில் போர் தண்ணீரும் மழைத்தண்ணீரும் கலந்து ஓடுகிறது, பேனா 1,000 சுமாருக்குக் காட்டும்படி. ஆர்டீமியாவை அலசுகிறேன். அளத்துப் பெரியவர் வந்தால் பேனாவைக் காட்டுவேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு உப்புக்கு மிஷினா தம்பி" என்று திருப்பித் தருவார். இறால் பண்ணைப் பையன் மட்டும் ஒருநாள் பேனாவை இரவல் கேட்டான். தரவில்லை. அவன் குழாயை இன்னும் பூஜ்யத்துக்குத் திருகவில்லை என்று தெரியும்.

கொள்ளளவு விஷயத்தில் இனி ஏமாறக் கூடாது என்று தொட்டியின் உள்சுவரில் 100, 200, 300, 400 என்று லிட்டர் கணக்கில் கோடு போட்டேன். நல்ல சிவப்புப் பெயின்ட், தூரத்திலிருந்தே தெரியும். தண்ணீர் விட்டு, குஞ்சுக்குச் சொல்லி அனுப்பி, முன்பணமும் கட்டியாயிற்று. டப்பாவைத் தூக்கிப் போடும்போதுதான் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கை அச்சாகியிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.